இடது இருக்கைக்குத் தொண்ணூறு கிலோ

ஹெலிகாப்டரில் ஏறுவதற்கு மெத்தைக்கடைக்காரரிடம் இருந்த ஒரே தகுதி அவருடைய எடைதான். விமானப் படிப்பு கிடையாது. பறந்த அனுபவம் கிடையாது. பரணில் இருக்கும் பழைய பெட்டியை எடுக்க ஏணியில் ஏறினாலே தலை சுற்றும். ஆனால் செருப்போடு நிறுத்தால் சரியாகத் தொண்ணூறு கிலோ இருந்தார்.

அதுவரை அந்தத் தொண்ணூறு கிலோவால் அவருக்கு ஒரு நல்லதும் நடந்ததில்லை. பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாகக் கிடந்தாலும் யாரும் வந்து உட்கார மாட்டார்கள். மச்சினன் வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாகப் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவிட்டு மர நாற்காலியைப் போடுவான். "மாமாவுக்கு" என்று மரியாதையாகச் சொல்லியும் விடுவான். கடைக்கு வருகிறவர்கள் மெத்தையை அழுத்திப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. "நீங்க கொஞ்சம் ஏறிப் படுங்களேன், தாங்குதான்னு பாத்துக்கறோம்" என்பார்கள். அவரும் படுத்துக் காட்டுவார். வியாபாரம் என்று வந்தபிறகு வெட்கப்பட்டால் ஆகுமா?

உயரத்தைப் பொறுத்தவரை கடவுள் அவரிடம் கொஞ்சம் சிக்கனமாக நடந்துகொண்டார். மனைவி அவரைவிட ஒரு சாண் உயரம். கல்யாணமான நாள் முதல் அவர் நிமிர்ந்து பார்த்துத்தான் அவளிடம் பேசிக்கொண்டிருக்கிறார். இதை அவர் பெரிய குறையாக நினைத்ததில்லை என்று சொல்லிக்கொள்வார். அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

ஊருக்கு வெளியே பழைய விமானத் திடலில் ஒரு சங்கம் இருந்தது. பெயர், பழம்போர் ஹெலிகாப்டர்கள் பறக்கும்நிலைப் பாதுகாப்புச் சங்கம். 'ஹெலிகாப்டர்கள்' என்று பன்மையில் இருந்தாலும் கொட்டகைக்குள் நின்றது ஒன்றுதான். இன்னொன்று பின்பக்கம் எலும்புக்கூடாகக் கிடந்தது. இதற்கு ஏதாவது கழன்றால் அதிலிருந்து கழற்றுவார்கள். சங்கத்தின் பெயர்ப்பலகை ஹெலிகாப்டரைவிட இரண்டு அடி நீளம்.

தலைவர் எந்நேரமும் ராணுவத் தொப்பி அணிந்திருப்பார். அவர் ராணுவத்தில் இருந்தவர் அல்ல. பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராணுவத்தோடு அவருக்கு இருந்த தொடர்பு, ராணுவக் குடியிருப்புக்கு எதிர்த்தெருவில் கொஞ்ச காலம் வாடகைக்கு இருந்தது. காலையில் அங்கே ஊதும் விசில் இவருக்கும் கேட்கும். அதிலேயே உடம்பு முறுக்கேறிவிட்டதாகச் சொல்வார்.

ஹெலிகாப்டரின் இருக்கை மெத்தை பிய்ந்துவிட்டது என்று கூப்பிட்டதால்தான் மெத்தைக்கடைக்காரர் அங்கே போனார். அளவு எடுத்தார். பஞ்சைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு தொழில் வழக்கப்படி இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்து, இரண்டு தடவை எழும்பி எழும்பி அமர்ந்து பார்த்தார். வெளியே ஒரு தட்டு கீழே விழும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், தேநீர் கொண்டுவந்த செயலாளர் பேயறைந்தது போல நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தலைவர். தலைவருக்குப் பின்னால், எல்லாம் அசலாகவே இருக்கிறதா என்று பார்க்கும் மூலநிலைக் குழுவை நடத்தும் பேராசிரியர்.

"அசையாதீங்க" என்றார் பேராசிரியர்.

"உடைச்சிட்டேனா சார்?"

"அசையாதீங்கன்னு சொன்னேன்."

கொட்டகைச் சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம். இதே ஹெலிகாப்டர், இதே இடது இருக்கை. அதில் ஒரு குண்டு மனிதர், முறுக்கு மீசையோடு வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மீசையையும் இவருடைய மூக்குக்கண்ணாடியையும் விட்டுவிட்டுப் பார்த்தால் மெத்தைக்கடைக்காரரின் கூடப் பிறந்தவர் என்றே சொல்லலாம்.

பேராசிரியர் விளக்கினார். இந்த ரக ஹெலிகாப்டரில் பைலட் வலது பக்கம் உட்காருவார். தனியாகப் பறந்தால் வண்டி ஒருபக்கமாகச் சாயும். அதனால் இடது இருக்கையில் தொண்ணூறு கிலோ எடை வைக்க வேண்டும் என்று பழைய கையேட்டில் இருக்கிறது. என்ன எடை, கல்லா, மணலா என்று அதில் இல்லை. ஆனால் படத்தில் இருக்கிறதே! அந்தக் காலத்தில் எடைக்கென்றே ஒரு குண்டு மனிதரை ஏற்றிக்கொண்டு பறந்திருக்கிறார்கள். இந்த உண்மையைக் கண்டுபிடித்து, கட்டுரை எழுதி, அதற்காக ஒரு சால்வையும் வாங்கியிருந்தார் அவர்.

"மத்த சங்கங்கள் என்ன பண்றாங்க தெரியுமா?" என்று தலைவர் குரல் தழுதழுக்கக் கேட்டார். "மணல் மூட்டை வைக்கிறாங்க. சில பேர் இரும்புக்கட்டி வைக்கிறாங்க. வெட்கமே இல்ல. நாம அப்படி இல்ல. நம்ம ஹெலிகாப்டர்ல ஆணி கூட அசல். எடை மட்டும் எப்படி டூப்ளிகேட்டா இருக்க முடியும்? எத்தனை வருஷமாத் தேடிட்டு இருக்கோம் தெரியுமா உங்களை?"

மெத்தைக்கடைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவரை யாரும் அப்படித் தேடியதில்லை. கடன்காரர்கள்கூடப் போனில்தான் கேட்பார்கள். "அப்போ சார், நான் பறப்பேனா?" என்று கேட்டார்.

"ஹெலிகாப்டர் பறக்கும்" என்றார் தலைவர். "பாகங்கள் கூடப் போகும்."

அன்று மாலை வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி சிரிக்க ஆரம்பித்தவள், அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சிரித்தாள். மச்சினனும் அப்போது பார்த்து வந்து சேர்ந்தான். "மாமா, உங்களை ஏத்தினா பறக்காதுன்னு சொன்னா நம்பலாம். உங்களை ஏத்தினாத்தான் பறக்கும்னு சொல்றாங்களா? யாரோ உங்க காதுல பூ சுத்துறாங்க."

"சிரிங்க, சிரிங்க" என்றார் மெத்தைக்கடைக்காரர். "நம்ம மாடிக்கு மேலதான் போகப்போறேன். அன்னிக்கு நீங்க அண்ணாந்து பாக்கணும்."

கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். ஆனால் சொன்னபிறகு அது அவருடைய வாழ்க்கையின் ஒரே ஆசையாகிவிட்டது. ஒரே ஒரு தடவை அவள் நிமிர்ந்து பார்க்க வேண்டும், அவர் குனிந்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு எப்படிப் போனாலும் பரவாயில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை முறைப்படி சேர்த்துக்கொண்டார்கள். உறுப்பினராக அல்ல. உறுப்பினர் ஆவதற்கு இரண்டு பேர் சிபாரிசு வேண்டும். இவரைப் பாகமாகச் சேர்த்துக்கொண்டார்கள். கழுத்தில் நூல் கட்டி ஒரு அட்டை தொங்கவிட்டார்கள். அதில் 'இருக்கை எடை, இடது. நிலை: நன்று' என்று இருந்தது. எத்தனையோ வருடங்களாக எந்த டாக்டரும் அவரைப் பார்த்து 'நன்று' என்று எழுதியதில்லை. அந்த அட்டையைக் கழற்ற மனமில்லாமல் பஸ்ஸில் அப்படியே வீட்டுக்கு வந்தார்.

பாகம் என்று ஆனபிறகு பாகங்களுக்குரிய விதிகள் எல்லாம் அவருக்கும் பொருந்தும் அல்லவா? எல்லாப் பாகங்களிலும் விரிசல் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை விளக்கடித்துப் பார்ப்பது சங்கத்தின் வழக்கம். மெக்கானிக் இவருக்கும் விளக்கடித்துப் பார்த்தார். "குதிகால்ல இருக்கு" என்று குறித்துக்கொண்டு, கையோடு கொஞ்சம் கிரீஸும் தடவிவிட்டார். பாகங்களை ஈரத்தில் வைக்கக்கூடாது என்பது இன்னொரு விதி. ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் எல்லாம் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார்கள். இவரை மட்டும் விடவில்லை. தார்ப்பாயைப் போர்த்திக் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டு, மழை விட்டதும் செயலாளர் வந்து திறந்துவிட்டார்.

அசல் நிலைக்கு மாறான எதுவும் பாகத்தில் இருக்கக்கூடாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டதால், மீசையை வளர்த்து முறுக்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குப் பத்தடிக்கு அப்பால் ஆணா பெண்ணா என்று தெரியாது.

"சார், அது இல்லாம மேல போனா எங்க வீடே எனக்குத் தெரியாதே."

"படத்துல இருக்கிறவர் கண்ணாடி போடல" என்றார் பேராசிரியர். "தவிர, எடை எதுக்குப் பாக்கணும்?"

பல்வலி வந்தபோதுதான் பெரிய சிக்கல். கடைவாய்ப்பல்லைப் பிடுங்க வேண்டும் என்று பல் டாக்டர் சொல்லிவிட்டார். அனுமதி இல்லாமல் பாகத்திலிருந்து எதையும் அகற்றக்கூடாது. மூலநிலைக் குழு கூடியது. கன்னம் வீங்கி, தாடையில் துண்டைக் கட்டிக்கொண்டு மெத்தைக்கடைக்காரர் வாசலில் காத்திருந்தார். உள்ளே வாதம் நடந்தது. படத்தில் இருப்பவர் வாய் திறந்து சிரிக்கிறார். ஆனால் கடைவாய் தெரியவில்லை. ஆகவே அங்கே பல் இருந்ததா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கடைசியில் பெருந்தன்மையாக அனுமதித்தார்கள். பிடுங்கிய பல்லைச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். எலும்புக்கூடு ஹெலிகாப்டரின் உதிரிகள் இருக்கும் அலமாரியில், ஒரு பழைய வால்வுக்குப் பக்கத்தில், சின்னக் கவரில் அதை வைத்து அட்டை ஒட்டினார்கள். 'இருக்கை எடையின் உட்பாகம்' என்று அந்த அட்டையில் எழுதியிருந்தது.

இதையெல்லாம் ஒருத்தர் பொறுத்துக்கொள்வாரா என்று நீங்கள் கேட்கலாம். மெத்தைக்கடைக்காரரும் ஞாயிறுதோறும் பஸ்ஸில் திரும்பி வரும்போது தன்னையே அப்படித்தான் கேட்டுக்கொள்வார். பிறகு மாடியில் நின்று அண்ணாந்து பார்க்கும் மனைவியை நினைத்துக்கொள்வார். மீசையை ஒரு முறுக்கு முறுக்கிக்கொள்வார்.

நடுவில் அவருக்குச் சர்க்கரை ஏறியது. எடையைப் பத்துப் பதினைந்து கிலோ குறைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனைவி அன்றைக்கே தட்டில் பாதியைக் குறைத்தாள். அடுத்த ஞாயிறு நிறுத்துப் பார்த்ததில் எண்பத்தெட்டு. சங்கத்தில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. தலைவரே தொப்பியைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அம்மா, நீங்க புரிஞ்சுக்கணும். உங்க கணவர் இனிமே உங்க சொத்து மட்டும் இல்ல. வரலாற்றோட சொத்து. அவரோட ஒவ்வொரு கிலோவும் வருங்காலத் தலைமுறைக்குச் சேர வேண்டியது."

"தாராளமா எடுத்துட்டுப் போங்க சார்" என்றாள் மனைவி. "அப்படியே அவர் குறட்டையையும் சேர்த்து எடுத்துட்டுப் போங்க. வருங்காலத் தலைமுறை தூங்காம கெடக்கட்டும்."

தலைவர் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார். அவர் போனபிறகு மெத்தைக்கடைக்காரர் மனைவியின் முன்னால் வந்தார். முறுக்கு மீசையோடு, அட்டை தொங்கும் கழுத்தோடு சும்மா நின்றார்.

அவள் குனிந்து அவரைப் பார்த்தாள். "எப்போ பறக்குதாம்?"

"இன்னும் மூணே வாரம்."

"சரி. அன்னிக்கு வரைக்கும்தான். அன்னிக்கு சாயங்காலத்திலேருந்து பாதித் தட்டு. சத்தியம்?"

"சத்தியம். நீயும் திடலுக்கு வாயேன். டிக்கெட் சொல்லி வாங்கித் தரேன்."

"என் புருஷனை மூட்டை கணக்கா எடை போட்டு வச்சிருக்கிற இடத்துல நான் கால் வைக்க மாட்டேன். மாடியிலேருந்து பாத்துக்கறேன்."

அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

சங்கத்துக்குப் பறப்பதில் விருப்பமே கிடையாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மியூசியம் என்றால் செத்ததைப் பாதுகாப்பது, நாங்கள் உயிருள்ளதைப் பாதுகாக்கிறோம் என்று பெருமையடித்துக்கொள்வார்கள். ஆனால் பறந்தால் தேய்மானம். ஆகவே ஞாயிறுதோறும் விசிலடித்து, வயது வரிசைப்படி நின்று, இறக்கைகளைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பலகாரம் சாப்பிட்டுக் கலைவார்கள். இந்த வருடம் ஒருமுறையாவது பறந்து காட்டாவிட்டால் பறக்கும் தகுதிச் சான்று ரத்தாகிவிடும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டதால்தான் வேறு வழியில்லாமல் நாள் குறித்தார்கள். அதை அறிவித்த கூட்டத்தில் தலைவர் கண்கலங்கிவிட்டார். "போரில்கூட இதற்கு ஒரு கீறல் விழவில்லை. இன்று இதன் வரலாற்றிலேயே மிகப் பெரிய ஆபத்து வந்திருக்கிறது. இது பறந்தாக வேண்டியிருக்கிறது" என்றார். உறுப்பினர்கள் இரண்டு நிமிடம் எழுந்து நின்றார்கள்.

ஓட்டுவதற்கு ஒரு பெண் பைலட்டை அமர்த்தியிருந்தார்கள். வார நாட்களில் வயல்களுக்கு மருந்து தெளிக்கும் ஹெலிகாப்டரை ஓட்டுகிறவள். அதிகம் பேச மாட்டாள். மெத்தைக்கடைக்காரர் தயங்கித் தயங்கி அவளிடம் தன் தெருவைச் சொன்னார். தண்ணீர்த் தொட்டி, அதற்கு அடுத்த மஞ்சள் வீடு.

"திரும்புற வழிதான் சார். மேலயே போயிடலாம்" என்றாள். பிறகு தலைவர் அந்தப் பக்கம் போகும்வரை பொறுத்திருந்து, "கண்ணாடியை ஜாக்கெட் பைக்குள்ள வச்சுக்குங்க. மேல போனதும் போட்டுக்குங்க. அங்க எந்தக் குழுவும் வராது" என்றாள்.

அந்த நாள் வந்தது. திடலைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். டிக்கெட் வாங்கியவர்களுக்கு மணிக்கட்டில் ஊதா மையால் ஹெலிகாப்டர் முத்திரை குத்தி உள்ளே விட்டார்கள். நல்ல கூட்டம். மெத்தைக்கடைக்காரர் காலையிலேயே குளித்து, மீசைக்கு எண்ணெய் போட்டு, சங்கம் கொடுத்த தோல் ஜாக்கெட்டையும் தலைக்கவசத்தையும் மாட்டிக்கொண்டு எடை பார்க்கும் மேடையில் ஏறினார். சரியாகத் தொண்ணூறு. கூட்டம் கைதட்டியது. பிறந்ததிலிருந்து எடை பார்த்து அவருக்குக் கைதட்டு விழுந்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடி பையில் இருந்ததால் கைதட்டியவர்கள் எல்லாம் வெறும் கலங்கலாகத் தெரிந்தார்கள்.

ஏறி உட்கார்ந்தார். மெக்கானிக் பெல்ட் போட்டுவிட்டார். அப்போதுதான் சிறப்பு விருந்தினரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள். அந்தக் காலத்தில் இதே ஹெலிகாப்டரை ஓட்டிய பழைய பைலட் அவர். எண்பதைத் தாண்டியவர். கொஞ்சம் காது மந்தம் என்பதால் எதைச் சொன்னாலும் உரக்கத்தான் சொல்லுவார். இடது இருக்கையைப் பார்த்ததும் கைத்தடியைத் தூக்கிக் காட்டிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"அடேடே! நம்ம சமையக்காரன் மாதிரியே இருக்கானே!"

"எந்தச் சமையல்காரன் சார்?" என்றார் தலைவர்.

"அதான் உங்க படத்துல இருக்கானே, அவன்தான். எங்க கேம்ப் சமையக்காரன். ஊருக்கு அனுப்பணும், ஒரு போட்டோ எடுங்கன்னு உயிரை வாங்கினான். சரி, ஏறி உக்காந்து தொலைடான்னோம். அப்ப எடுத்தது."

"அப்போ சார், பறக்கும்போது எடைக்கு...?"

"எடைக்கு மணல் மூட்டைதான். அதுக்குப் போய் யாராவது ஆளை ஏத்துவாங்களா? அவனைக் கூட்டிட்டுப் போயிட்டா இங்க யார் சமைக்கிறது?"

இது மைக்கில் விழவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். ஹெலிகாப்டரின் வாலுக்கு அடியிலேயே மூலநிலைக் குழு அவசரமாகக் கூடியது. மெத்தைக்கடைக்காரர் பெல்ட்டோடு உட்கார்ந்தபடி அவர்கள் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். சால்வை வாங்கிய மனிதர் இடிந்துபோயிருப்பார் என்று நினைத்தார். ஆனால் பேராசிரியர் அப்படி லேசில் இடிகிறவர் அல்ல.

"நம்ம ஆய்வு தப்புன்னு யாரும் எடுத்துக்கக்கூடாது" என்று அவர் குரல் கேட்டது. "நம்ம ஆய்வு இப்போ இன்னும் துல்லியமாகியிருக்கு."

தலைவர் வந்து கதவருகே நின்றார். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். "இறங்குங்க."

"சார்..."

"படத்துல இருக்கிறவர் பறக்கல. நீங்க பறந்தா அது வரலாற்றுப் பிழை ஆயிடும். அதை நான் என் கண்ணால பாக்க முடியாது."

"ஒரே ஒரு தடவை சார். எங்க வீட்டுக்கு மேல மட்டும். அப்புறம் பிழையைத் திருத்திக்கலாமே."

"பிழைன்னு தெரிஞ்சே பண்றதுக்கு நாம என்ன சாதாரண சங்கமா?" என்றார் தலைவர். "வருத்தப்படாதீங்க. நீங்க ஏறி உக்காந்தீங்க. அதுவரைக்கும் வரலாறு சரியா நடந்திருக்கு. அவரும் ஏறி உக்காந்தார். அடுத்து அவர் இறங்கினார். இப்போ நீங்களும் இறங்கிட்டா அப்படியே அச்சு அசல்."

மெத்தைக்கடைக்காரர் பெண் பைலட்டைப் பார்த்தார். "எனக்கு இடது பக்கம் தொண்ணூறு கிலோ இருந்தாப் போதும் சார்" என்றாள் அவள். பாவமாகத்தான் சொன்னாள். "அவங்க வண்டி, அவங்க சொல்றதுதான்."

அவர் இறங்கினார். இறங்கி நின்றபிறகுதான் தெரிந்தது, மணல் மூட்டை எதுவும் தயாராக இல்லை. மூட்டை வைக்கிறவர்களை ஏளனம் செய்வதிலேயே வருடங்கள் ஓடிவிட்டதால் சங்கத்தில் ஒரு சாக்குகூடக் கிடையாது. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கடைசியில் மெத்தைக்கடைக்காரரைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் ரோஷமுள்ள எந்த மனிதனும் அட்டையை அறுத்து எறிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். மெத்தைக்கடைக்காரர் அன்று தான் வந்திருந்த கடை வேனுக்குப் போனார். கெட்டியான மெத்தைத் துணி, கோணி ஊசி, மெழுகு நூல் எல்லாம் எடுத்துவந்தார். தீயணைப்பு வாளிகளிலிருந்த மணலைக் கொட்டி நிரப்பினார். உட்காரும்போது சாயாமல் இருக்க அடியை அகலமாக வைத்து, மேலே கொஞ்சம் குறுக்கி, ஓரம் பிரியாமல் இரட்டைத் தையல் போட்டார். ஏனோதானோவென்று தைக்கக் கை வரவில்லை. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது தொப்பைகூடச் சரியாக வந்திருந்தது.

அவர் தொண்ணூறு கிலோ இருந்தது ஜாக்கெட்டோடும் தலைக்கவசத்தோடும் என்பதால் அவற்றையும் கழற்றி மூட்டைக்கு மாட்டி, சரியாகத் தொண்ணூறு வரும்வரை நிறுத்துப் பார்த்தார்கள். நாலு பேர் சேர்ந்து தூக்கி இடது இருக்கையில் வைத்துப் பெல்ட் போட்டார்கள். அந்த அவசரத்தில் ஜாக்கெட் பையில் கண்ணாடி இருந்தது யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவருக்கும்தான்.

இன்ஜின் புகையைக் கக்கிவிட்டு உறுமியது. புழுதி கிளம்பியது. தலைவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். ஹெலிகாப்டர் கொஞ்சம் தயங்கி, ஒரு முழம் எழும்பி, பிறகு நிதானமாக மேலே போனது. கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. மெத்தைக்கடைக்காரர் கயிற்றுக்கு உள்பக்கம் பனியனோடு நின்று, மேலே தெரிந்த கலங்கலைப் பார்த்துக் கையை ஆட்டினார். எதற்கு ஆட்டுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. தான் தைத்த மூட்டைக்குத்தான் ஆட்டினார் போலிருக்கிறது. அது மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தார். அழுகை வந்துவிட்டது. ஒரு மணல் மூட்டைமேல் இப்படிப் பொறாமைப்பட முடியும் என்று அவர் அதுவரை நினைத்ததில்லை.

பக்கத்து நாற்காலியில் பழைய பைலட் உட்கார்ந்திருந்தார். "அவனும் இப்படித்தான்" என்றார். "நாங்க கெளம்பும்போதெல்லாம் கரண்டியும் கையுமா வந்து நின்னு ஆட்டுவான். ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பான். நாளைக்கு, நாளைக்குன்னு சொல்லிட்டே இருந்தோம்."

"கடைசியில கூட்டிட்டுப் போனீங்களா?" மெத்தைக்கடைக்காரர் அவர் காதருகே குனிந்து கத்திக் கேட்டார்.

"எனக்கு மாற்றல் வந்துடுச்சு" என்றார் பழைய பைலட்.

ஹெலிகாப்டர் பத்திரமாக இறங்கியது. தலைவர் கண்ணைத் திறந்தார். மூட்டையின் கழுத்தில் புது அட்டை கட்டினார்கள். செயலாளர் கத்தரிக்கோலோடு வந்து மெத்தைக்கடைக்காரரின் அட்டையை நறுக்கி எடுத்துக்கொண்டார். நியாயமான மனிதர், சின்னக் கவரில் இருந்த பல்லையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஜாக்கெட் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்தவள் அந்தப் பெண் பைலட்தான். "உங்க வீட்டுக்கு மேலதான் சார் போனேன்" என்றாள். அவருடைய கண்ணாடி மட்டும் வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தது.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார். உண்மையைச் சொன்னால் மச்சினன் சாகும்வரை அதைச் சொல்லியே சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் மாடியில் நின்று கைகாட்டியிருப்பாளே அவள்? மூட்டைக்குத்தான் கைகாட்டினாய் என்று எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து சட்டையை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். மனைவி எதிரில் வந்து நின்றாள்.

"பறந்தீங்களா?"

"ம்."

"மாடியிலேருந்து பாத்தேன். மேலேருந்து நம்ம வீடு எப்படி இருந்துச்சு?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சின்னதா இருந்துச்சு. தீப்பெட்டி அளவுதான். தண்ணித் தொட்டி, அப்புறம் நம்ம வீடு. மாடியில நீ நின்னுட்டு இருந்த. நீயும் சின்னதாத்தான் தெரிஞ்ச."

"அப்பாடா, நானாவது எங்கேயோ இளைச்சிருக்கேன்" என்றாள். "நான் கைகாட்டினது தெரிஞ்சுதா?"

"தெரியாம என்ன? நானும் கைகாட்டினேனே."

"ஆமா" என்றாள் மனைவி. "ரொம்ப நேரம் காட்டினீங்க. கை வலிச்சிருக்கும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் தட்டை அவர் முன்னால் வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தவுடன் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறாள், மணிக்கட்டு சிவந்திருந்தது. அப்படியும் ஊதா மை முழுசாகப் போகவில்லை. ஹெலிகாப்டரின் இறக்கையும் வாலும் அவருடைய கண்ணாடி வழியாகத் தெளிவாகத் தெரிந்தன.

தட்டில் சொன்னபடியே பாதிதான் இருந்தது. அவர் சாப்பிட ஆரம்பித்தார். அவள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவர் ஆட்டிய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து அமுக்கிவிட்டாள்.